பாம்பு இருக்கும் கட்டம்

வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபத சோபனப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கண் விழித்தவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பாம்பு எந்தக் கட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது என்பது முன்னாலேயே தெரியும். தாயக்கட்டை உருண்டு நிற்கும் வரையில்தான் பயம். அதற்குப் பிறகு விழுந்தாலும் சரி, தப்பினாலும் சரி, இன்ன பாம்பு, இன்ன இடம் என்று விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

பாம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆட்டம் ஒன்றைச் சமீபத்தில் ஆடினேன். தோற்றேன். தோற்ற கதையைச் சொல்வதில் எனக்குச் சங்கோசம் இல்லை. அந்தத் தோல்வியால் சரித்திரத்தில் ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம் எனக்குப் புதிதாக விளங்கிற்று.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவள் என் தம்பி மகள். கல்லூரியில் படிக்கிறாள். லீவில் வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து, சாப்பாட்டு மேஜை நிறையச் சீட்டுகளைப் பரப்பினாள். ஒரு சீட்டு பூமி. ஒரு சீட்டு சந்திரன். அதற்கு அப்பால் செவ்வாய், சுக்கிரன். "பெரியப்பா, நீங்க ருஷ்யா. நான் அமெரிக்கா" என்று தேசங்களையும் பங்கு போட்டாகிவிட்டது.

ஆட்டத்தின் பெயர் 'லீவிங் எர்த்'. பூமியை விட்டுக் கிளம்புவது. ஜோசப் ஃபாட்டுலா என்ற அமெரிக்கர் இதை அமைத்து 2015-ல் வெளியிட்டார். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனத்தை நடத்த வேண்டும். ஆட்டம் 1956-ம் வருஷத்தில் தொடங்கி 1976-ல் முடிகிறது. வருஷத்துக்கு 25 டாலர் கைக்கு வரும். அதற்குள் ஆராய்ச்சி செய்ய வேண்டும், ராக்கெட் வாங்க வேண்டும், ஆளை ஏற்றி அனுப்ப வேண்டும். மேஜை ஓரத்தில் இலக்குகள் எழுதிய சீட்டுகள் இருக்கின்றன: மேலே ஆள் அனுப்பித் திரும்பக் கொண்டுவருவது, சந்திரனை எட்டுவது, செவ்வாயை ஆராய்வது என்று. முதலில் செய்தவருக்குத்தான் புள்ளி. இரண்டாவதாகச் செய்தவருக்கு அந்தச் சீட்டே கிடையாது.

இந்த ஆட்டத்தில் பகடையை உருட்டிவிட்டு ராக்கெட்டைக் கிளப்ப முடியாது. ராக்கெட்டின் உந்து விசை இவ்வளவு, ஏற்றும் பாரம் இவ்வளவு, போகிற வழியின் கஷ்டம் இவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து, காகிதத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுத்தான் புறப்பட வேண்டும். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காத எனக்கே அந்தப் பெருக்கல் வந்துவிட்டது. நம்மைக் கவிழ்ப்பது கணக்கு அல்ல, வேறொன்று.

ஒரு ரகத்து ராக்கெட்டை உருவாக்க 10 டாலர் கட்டினால், அந்த ஆராய்ச்சிச் சீட்டின் மேல் மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்றும் வெற்றியாக இருக்கலாம். ஒன்று சிறு கோளாறாக இருக்கலாம். ஒன்று, மேலே இருப்பது அத்தனையையும் கொளுத்திவிடுகிற பெரிய விபத்தாக இருக்கலாம். ராக்கெட்டை ஏவும்போதெல்லாம் அந்த மூன்றில் ஒன்றை உருவிப் பார்க்க வேண்டும். பார்த்தபின், வேண்டுமானால் பணம் கட்டி அந்தச் சீட்டை அடியோடு எடுத்துவிடலாம். தோல்விச் சீட்டென்றால் 5 டாலர். வெற்றிச் சீட்டென்றால் 10 டாலர். பணம் கட்டாவிட்டால் அது மறுபடி மற்றவற்றோடு கலந்து உட்கார்ந்துவிடும். மூன்றையும் எடுத்துவிட்டால் அந்த ராக்கெட் பிறகு எக்காலத்திலும் வெடிக்காது.

பரமபதத்தில் பாம்பைப் பார்க்கலாம், அகற்ற முடியாது. இதில் பாம்பை அகற்றலாம்; ஆனால் அது ஒரு தடவையாவது படம் எடுத்துக் காட்டினால்தான் முடியும்.

முதல் தடவை ராக்கெட்டை ஏவினேன். வெற்றி. இரண்டாவது தடவையும் வெற்றி. மூன்றாவது தடவையும் அப்படியே. எதிரே அவளுக்கு முதல் ஏவுதலிலேயே வெடித்துத் தொலைந்தது. நல்ல வேளையாக அதில் ஆள் இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு 5 டாலர் கட்டிச் சீட்டை எடுத்தாள். அடுத்த வருஷம் வெறும் ராக்கெட்டையே மறுபடி ஏவினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று முறை நன்றாகப் போன ராக்கெட்டைச் சோதிப்பதற்கு நான் ஏன் காசைக் கரியாக்க வேண்டும்? ஆளை ஏற்றினேன். கணக்கு சரியாக இருந்தது. சீட்டை உருவினேன். பெரிய விபத்து.

"மூணு தடவையும் அதே சீட்டுதான் வந்திருக்கும், பெரியப்பா. மத்ததை நீங்க பார்க்கவே இல்லை" என்றாள் அவள்.

ஆட்டத்தில் செத்த வீரனுக்காகப் புள்ளி குறைக்கிறார்கள். புள்ளி குறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் சொன்ன வார்த்தைதான் இரவு முழுவதும் காதில் இருந்தது.

*

சந்திரனுக்குப் போன கதையை நாம் எல்லோரும் வெற்றிகளின் வரிசையாகத்தான் படித்திருக்கிறோம். 1957 அக்டோபர் 4-ந் தேதி ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பினார்கள். 84 கிலோ எடையுள்ள ஒரு பந்து. அது பூமியைச் சுற்றிக்கொண்டே பீப் பீப் என்று கூவியது. அமெரிக்கா டிசம்பர் 6-ந் தேதி பதில் சொல்லப் பார்த்தது. வான்கார்டு என்ற ராக்கெட், தொலைக்காட்சிக் காமிராக்களின் முன்னிலையில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரம்கூட எழும்பாமல் அப்படியே உட்கார்ந்து வெடித்தது. உலகமே சிரித்தது.

ருஷ்ய ராக்கெட் வெடிக்கவில்லையா? வெடித்தது. ஸ்புட்னிக்கைச் சுமந்த அதே ஆர்-7 ரகம், அந்த வருஷம் மே 15-ந் தேதி முதன்முதலாகப் புறப்பட்டபோதே வீணாயிற்று. ஆகஸ்டு 21-ந் தேதிதான் சரியாகப் பறந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பதற்கு அங்கே காமிரா இல்லை. அதைச் செய்த பிரதம நிபுணர் செர்கெய் கொரொல்யோவின் பெயரே வெளியில் தெரியாது. ஸ்டாலின் காலத்தில், 1938-ல், கைதாகிக் கொலிமாவின் பனிச் சுரங்கத்துக்குப் போய் மீண்டவர் அவர். 1966 ஜனவரி 14-ந் தேதி அவர் ஆபரேஷன் மேஜையில் இறந்த பிறகுதான் இன்னார் என்று உலகத்துக்குச் சொன்னார்கள்.

தோல்வியை ஊரறியக் காட்டிக்கொண்ட தேசத்துக்கு அவமானம் மிச்சம்; ஒளித்து வைத்த தேசத்துக்குப் பெருமை. 1957-ல் கணக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒளித்து வைக்கும் பழக்கம் ஏவுகளத்தோடு நிற்கவில்லை.

1960 அக்டோபர் 24-ந் தேதி பைக்கனூர் ஏவுகளத்தில் ஆர்-16 என்ற புதிய ஏவுகணை நின்றுகொண்டிருந்தது. எரிபொருள் நிரப்பியாகிவிட்டது. எரிபொருளை இறக்கிவிட்டுப் பழுது பார்த்தால் நாளாகும் என்று, நிரப்பிய ஏவுகணையைச் சுற்றி ஆட்களை நிறுத்தியே வேலை வாங்கினார்கள். மேலே பொறுப்பில் இருந்த மார்ஷல் நெதேலின் ஏவுகணைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேலடுக்கு எஞ்சின் தானாகப் பற்றிக்கொண்டது. மார்ஷலும், எழுபதுக்கு மேற்பட்டவர்களும் வெந்து போனார்கள். நெதேலின் விமான விபத்தில் மாண்டார் என்று அறிவித்தார்கள். உண்மை அந்த நாட்டுப் பத்திரிகையில் வர 1989 ஆயிற்று.

அதற்கடுத்த வருஷம் மார்ச் மாதம் 23-ந் தேதி. ககாரினோடு தேர்ந்தெடுக்கப்பட்ட விண்வெளி வீரர்களில் வலெண்டின் பொந்தரென்கோ என்று ஓர் இளைஞர், வயது 24. தனிமையைச் சகிக்கப் பழக்குவதற்காக அவரை ஓர் அடைத்த அறைக்குள் பல நாள் வைத்திருந்தார்கள். உள்ளே பிராணவாயு அதிகம். உடம்பில் ஒட்டியிருந்த கருவிகளைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டு, பஞ்சை வீசினார். அது மின்சார அடுப்பில் விழுந்தது. பிராணவாயு மிகுந்த இடத்தில் நெருப்புக்குக் கேட்கவா வேண்டும்? உள்ளே இருந்த அழுத்தத்தினால் கதவை உடனே திறக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் இறந்து போனார். இருபது நாள் கழித்து, ஏப்ரல் 12-ந் தேதி, ககாரின் 108 நிமிஷத்தில் உலகத்தை வலம் வந்து இறங்கினார். உலகம் கொண்டாடிற்று. பொந்தரென்கோவைப் பற்றி ஒரு வார்த்தை வெளியில் வரவில்லை. 1986 வரையில் வரவில்லை.

*

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 1961 மே 25-ந் தேதி ஜனாதிபதி கென்னடி, இந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் சந்திரனில் மனிதனை இறக்கித் திரும்பக் கொண்டுவருவோம் என்று காங்கிரஸ் சபையில் வாக்குக் கொடுத்தார். அன்றைக்கு அமெரிக்கர்களிடம் இருந்த அனுபவம், ஆலன் ஷெப்பர்டு ஒரு கால் மணி நேரம் மேலே போய்க் கடலில் விழுந்தது ஒன்றுதான்.

அவர்களுடைய கலங்களுக்குள் காற்றுக்குப் பதிலாகச் சுத்தமான பிராணவாயுவையே நிரப்பினார்கள். எடை குறையும், யந்திரம் எளிமையாகும் என்பது காரணம். மெர்க்குரி கலங்களில் அப்படி. ஜெமினி கலங்களில் அப்படி. தரையில் பரீட்சை செய்யும்போதும் அப்படியே. ஒரு தடவைகூடக் கலத்துக்குள் தீப்பிடிக்கவில்லை. என் ராக்கெட்டைப் போலத்தான்: ஒவ்வொரு முறையும் வெற்றிச் சீட்டு. அதை யாரும் காசு கொடுத்து அகற்றவில்லை. மற்றச் சீட்டு அடியில் கவிழ்ந்தே கிடந்தது.

1967 ஜனவரி 27-ந் தேதி கஸ் கிரிஸம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி என்ற மூவர் அப்போலோ கலத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். பிரயாணத்துக்கு அல்ல, ஒத்திகைக்கு. ராக்கெட்டில் எரிபொருள்கூட இல்லை. ஆகவே அது ஆபத்தான பரீட்சை என்றே பட்டியலில் இல்லை. எங்கோ ஒரு மின்சாரக் கம்பியில் பொறி கிளம்பியிருக்க வேண்டும். கதவு உட்பக்கம் திறக்கும் தினுசு. உள்ளே நெருப்பினால் அழுத்தம் ஏறியபின் அதை மனிதனால் இழுத்துத் திறக்க இயலாது. மூவரும் அங்கேயே மாண்டார்கள்.

பிராணவாயு, தீ, திறக்க முடியாத கதவு. ஆறு வருஷத்துக்கு முன் மாஸ்கோவில் ஓர் அறைக்குள் நடந்த அதே சங்கதி. அந்தச் சீட்டு ஏற்கனவே ஒரு முறை உருவப்பட்டுவிட்டது. ஆனால் உருவியவர்கள் மடியில் ஒளித்துக்கொண்டார்கள். தெரிந்திருந்தால் அமெரிக்கர் திருந்தியிருப்பார்களா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிராணவாயு ஆபத்தானது என்று அவர்களிலேயே சிலருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஓர் இளைஞனின் சாவு, எச்சரிக்கையாகக்கூடப் பயன்படாமல் அலமாரியில் பூட்டிக் கிடந்ததே என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

இதற்கு மூன்று மாதம் கழித்து ருஷ்யாவில் நடந்தது இதைவிடக் கசப்பானது. சோயுஸ் என்ற புதிய கலத்தை ஆள் இல்லாமல் மூன்று தடவை சோதித்தார்கள். 1966 நவம்பரில் போனது கட்டுப்பாட்டை இழந்து, அழிக்கப்பட்டது. டிசம்பரில் அடுத்தது ஏவுமேடையிலேயே அழிந்தது. 1967 பிப்ரவரியில் மூன்றாவது, இறங்கும்போது அடிப்பக்கம் ஓட்டையாகி ஏரல் கடலின் பனிக்குள் முழுகிற்று. இங்கே பாம்பு மூன்று முறையும் படம் எடுத்துக் காட்டிவிட்டது. ஆனால் மே தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. புரட்சிக்கு ஐம்பதாவது வருஷமும் அதுதான். ஏப்ரல் 23-ந் தேதி விளாதிமிர் கொமரோவைக் கலத்தில் ஏற்றினார்கள்.

மேலே போனதும் சூரிய ஒளித் தகடு ஒன்று விரியவில்லை. மின்சாரம் குறைந்தது. மறுநாள் இறங்கும்போது பெரிய பாரசூட் வெளியே வரவில்லை. உபரிப் பாரசூட் சிக்கிக்கொண்டது. கலம் கல்லைப்போல் தரையில் மோதி எரிந்தது. ஏதாவது நேர்ந்தால் கொமரோவுக்குப் பதிலாகப் போக நியமிக்கப்பட்டிருந்தவர் ககாரின்.

இதில் இன்னொரு விசித்திரம். மறுநாள் மூன்று பேருடன் இன்னொரு சோயுஸ் கிளம்பி, கொமரோவின் கலத்தோடு மேலே சேர வேண்டும் என்பது திட்டம். தகடு விரியாததால் அந்தப் பிரயாணத்தை ரத்து செய்தார்கள். அந்தக் கலத்தின் பாரசூட்டிலும் அதே கோளாறு இருந்ததென்று பிற்பாடு தெரியவந்தது. ஒரு தகடு மக்கர் செய்ததனால் மூன்று பேர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

*

ஆட்டத்தில் என் தம்பி மகள் செய்த காரியத்தைச் சரித்திரத்தில் யாராவது செய்தார்களா? செய்தார்கள், மூன்று பேரைப் பறிகொடுத்த பிறகு செய்தார்கள். அமெரிக்கர்கள் இருபது மாதம் ஆளை அனுப்பாமல் கலத்தைப் பிரித்துக் கட்டினார்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி ஆயிற்று. ஏவுமேடையில் நிற்கும்போது உள்ளே இருக்கும் பிராணவாயுவோடு நைட்ரஜனும் கலந்தது. சாட்டர்ன்-5 ராக்கெட்டின் அடுக்குகளை, தரையிலேயே பெரிய சட்டங்களில் பிணைத்து எரித்துப் பார்த்தார்கள். 1968 ஏப்ரல் 4-ந் தேதி ஆள் இல்லாமல் ஏவியபோது அது தாறுமாறாகக் குலுங்கிற்று. இரண்டு எஞ்சின்கள் நடுவில் நின்றன. காரணத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். அந்த ரகம் மொத்தம் 13 முறை புறப்பட்டது. ஒரு முறைகூட வெடிக்கவில்லை.

ருஷ்யர்கள் சந்திரனுக்கென்று கட்டிய என்-1 ராக்கெட்டின் அடி அடுக்கில் 30 எஞ்சின்கள். அத்தனையையும் சேர்த்துத் தரையில் எரித்துப் பார்க்கும் மேடையை அவர்கள் கட்டவில்லை. பணமும் இல்லை, நேரமும் இல்லை. 1969 பிப்ரவரியில் முதல் தடவை. ஜூலை 3-ந் தேதி இரண்டாம் தடவை, ஏவுமேடையையே நாசமாக்கிவிட்டு. பிறகு 1971-ல், 1972-ல். நான்கும் தோல்வி. அந்த இரண்டாம் தடவைக்குப் பதினேழு நாள் கழித்து, ஜூலை 20-ந் தேதி, அமெரிக்கர்கள் சந்திரனில் இறங்கினார்கள்.

இந்த இடத்தில், "பந்தயம்தான் எமன், யார் முதல் என்ற வெறி இல்லாவிட்டால் இவர்கள் பிழைத்திருப்பார்கள்" என்று எழுதி முடித்துவிடலாமென்று எண்ணினேன். எழுதவும் தொடங்கினேன். ஆனால் 1986 ஜனவரி 28-ந் தேதி குறுக்கே வந்து நின்றது. அன்று சாலஞ்சர் ஓடம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். அப்போது யாரோடும் பந்தயம் இல்லை. அதற்கு முன் அந்த ரக ஓடங்கள் 24 முறை போய்த் திரும்பியிருந்தன. பக்கத்து ராக்கெட்டின் மூட்டில் வைத்த ரப்பர் வளையம் கருகியிருப்பதை அந்தப் பிரயாணங்களிலேயே பல முறை கண்டிருந்தார்கள். கருகியும் ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்டு ஃபைன்மன் என்ற விஞ்ஞானி, போன தடவை தப்பியது இந்தத் தடவைக்குச் சாட்சி ஆகாது என்ற கருத்தை மிகவும் வற்புறுத்தினார்.

அவசரம் கொல்லும், உண்மைதான். ஆனால் பழகிப்போன வெற்றியும் கொல்லும். எனக்குப் புரிந்தது இவ்வளவே. தோல்வி வந்தால் மனிதன் குனிந்து பார்க்கிறான். வெற்றி வந்தால் அடுத்த சீட்டை உருவுகிறான். ஆட்டத்தை அமைத்தவர் தோல்விக்கு 5 டாலரும் வெற்றிக்கு 10 டாலரும் விலை வைத்தது என்ன எண்ணத்திலோ, எனக்கு அது மிகவும் நியாயமான விலையாகப் படுகிறது. தோல்வியைத் திருத்துவது எளிது. வெற்றியை நம்பாமல் இருப்பதற்குத்தான் இரட்டிப்புச் செலவு.

*

சந்திரனில் இறங்கியவர்கள் ஒரு சிறு பையைக் கொண்டுபோயிருந்தார்கள். தீயில் மாண்ட மூவரின் அப்போலோ சின்னம் ஒன்று, கொமரோவின் பதக்கம் ஒன்று, 1968-ல் விமான விபத்தில் இறந்த ககாரினின் பதக்கம் ஒன்று. வேலை மும்முரத்தில் அது மறந்தே போயிற்று. கலத்துக்குள் ஏறப்போன ஆல்டிரினுக்கு ஆம்ஸ்டிராங் நினைவூட்ட, அவர் அதைத் தோள்பையிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார். ஜயித்தவன் தோற்றவனின் பதக்கத்தைச் சுமந்துபோய் வைத்த பந்தயம் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1971-ல் அப்போலோ 15-ல் போனவர்கள் ஒரு சின்ன உலோகப் பொம்மையையும் ஒரு தகட்டையும் அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். தகட்டில் 14 பெயர்கள். அமெரிக்கர், ருஷ்யர் என்று பிரிக்காமல் அகர வரிசையில் பொறித்திருக்கிறார்கள். பொந்தரென்கோவின் பெயர் அதில் இல்லை. பொறித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒருவர் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்தபின் தம்பி மகள் சீட்டுகளை அடுக்கிப் பெட்டியில் வைத்தாள். என் ராக்கெட்டில் எரிந்த வீரனின் சீட்டை நான் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்போல் இருக்கிறது.

"குடுங்க, பெரியப்பா. அடுத்த ஆட்டத்துக்கு வேணும்" என்று வாங்கி மற்றச் சீட்டுகளோடு சேர்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி ஆடினோம். முதல் ஏவுதலிலேயே எனக்கு வெற்றிச் சீட்டு வந்தது. பத்து டாலரை எண்ணிக் கொடுத்து அதை எடுக்கச் சொன்னேன். அந்த வருஷம் என்னால் வேறு ஒன்றும் வாங்க முடியவில்லை.